வேட்டைப் பரணின் வெளியுறை: தேர்வும் பொருத்தலும்

அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய விஸ்கான்சின், மிச்சிகன், மினசோட்டா மாநிலங்களில், வெண்வால் மான் வேட்டைக்கென்று சொந்த நிலத்தில் கட்டப்படும் பரண் பெரும்பாலும் 4 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள ஒரு மர அறையாக, நான்கு கால்களின் மேல் ஆள் உயரத்திலோ அதற்கும் மேலோ நிற்கிறது. விஸ்கான்சினில் மான் வேட்டைக்கான முதன்மைத் துப்பாக்கிப் பருவம், நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாட்களே நீடிக்கிறது. பரணோ கோடையின் இடிமழையிலும், ஆறு மாதம் வரை கிடக்கும் பனியிலும், வசந்தத்தில் பகலில் உருகி இரவில் உறையும் ஈரத்திலும் ஆண்டு முழுவதும் காவலின்றி நின்றாக வேண்டும். அமெரிக்கக் கட்டுமானத்தில் சைடிங் எனப்படும் வெளியுறை, அதாவது சட்டத்தின் வெளிப்பக்கம் அறையப்பட்டு மழையையும் காற்றையும் நேரில் தாங்கும் பலகை அல்லது தகடு, அந்த நீண்ட காத்திருப்பை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருப்பதால், இங்கே விளக்கப்படும் பரண் அம்மாநிலங்களில் உரிமம் பெற்று வேட்டையாடுவோருக்கே உரியது. ஆயினும் பறவைகளையும் விலங்குகளையும் படம் பிடிப்போர் கட்டும் மறைவிடத்துக்கும் சுவர்வேலை இதுவேதான்.

உறையிடம் எதிர்பார்க்கப்படுவது

வீட்டுச் சுவருக்கு இல்லாத இரண்டு கடமைகள் பரணின் சுவருக்கு உண்டு: அது ஓசை எழுப்பக்கூடாது, ஒளிரக்கூடாது. வெண்வால் மானின் செவி மனிதச் செவிக்கு எட்டாத உச்ச ஒலிகளையும் வாங்கிக்கொள்வது. முழங்கை இடித்த மெல்லிய தகட்டின் ஒலி, துப்பாக்கியின் கட்டை சுவரில் உரசும் ஒலி, இரவுக் குளிரில் சுருங்கிய தகடு காலை வெயில் பட்டதும் விரிந்து தெறிக்கும் ஒலி ஆகிய யாவும் காற்றில்லாத நவம்பர் விடியலில் வெகுதொலைவு செல்பவை. மானின் கண்ணோ வேறு வகையில் அமைந்தது. அதில் நீல ஒளிக்கும் பச்சை-மஞ்சள் ஒளிக்கும் உரிய இருவகைக் கூம்பு அணுக்களே உள்ளன என்பதால் சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கிய நிறங்களாகவே தோன்றும்; ஆனால் மனிதக் கண்ணின் வில்லை வடிகட்டித் தடுத்துவிடும் புற ஊதா ஒளியில் பெரும்பகுதியை மானின் வில்லை உள்ளே விடுகிறது. ஆகவே உறையின் நிறம் பழுப்பா பச்சையா என்பதைவிட, அதன் மேற்பரப்பு பளபளக்கிறதா, நீல-வெள்ளைச் சாயல் உடையதா என்பதே முக்கியமாகிறது.

மூன்றாவது கடமையான நீர்த்தடுப்பில்தான் வீட்டிலேயே கட்டப்படும் பரண்களில் பெரும்பாலானவை தோற்கின்றன. பலகையின் நடுப்பரப்பு எளிதில் கெடுவதில்லை. கெடுவது விளிம்பும், மூட்டும், ஆணி இறங்கிய துளையும், ஜன்னலுக்காக அறுத்த வாயுமே ஆகும். மரத்தின் நார்கள் குறுக்கே அறுபட்டுத் திறந்து நிற்கும் வெட்டுமுகம், பக்கப்பரப்பைவிடப் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சுவது என்பதை நினைவில் கொண்டால், விலை உயர்ந்த பலகையை விளிம்பு காக்காமல் அறைந்துவிட்டுப் போகிறவரைவிட, நடுத்தரப் பலகையின் ஒவ்வொரு வெட்டுமுகத்துக்கும் பிரைமர் பூசி அறைகிறவரின் பரணே நெடுநாள் நிற்கும் என்பது விளங்கும். பொருளைத் தேர்வதிலும் கேட்கவேண்டிய முதற்கேள்வி, இதன் விளிம்பை எவ்வாறு காப்பது என்பதே.

பொருள்கள்

மிக மலிவாகக் கிடைப்பது ஓ.எஸ்.பி. எனப்படும் மரச்சீவல் பலகை. மரச்சீவல்களைப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படும் இது, வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் அடித்தளமாக வேறோர் உறையின் உள்ளே மறைந்திருப்பதற்கென்று உருவானது. வெளியில் வெறுமனே அறையப்பட்டால் முதல் குளிர்காலத்திலேயே விளிம்பு ஊதிப் பருக்கிறது. ஊதிய விளிம்பு மறுபடி காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் இதனைத் தனி உறையாகப் பயன்படுத்துவது பரிந்துரைக்கத் தக்கதன்று. கடைகளில் சி.டி.எக்ஸ். என்ற குறியீட்டுடன் விற்கும் பிளைவுட்டும் ஏறத்தாழ இந்த வகையினதே: அதன் ஒட்டுப்பசை நீருக்கு நிற்கக்கூடியது என்றாலும், பலகை கட்டுமானக் காலத்து மழையைத் தாங்குவதற்கான தரத்தைத்தான் பெற்றிருக்கிறதே அன்றி, நிரந்தரமாகத் திறந்த வெளியில் நிற்பதற்கான தரத்தை அன்று. பலகையின் மீதுள்ள முத்திரையில் 'எக்ஸ்போஷர் 1' என்றிருந்தால் முன்னதும், 'எக்ஸ்டீரியர்' என்றிருந்தால் பின்னதும் பொருள். வாங்குமுன் அந்த முத்திரையைப் படிப்பது அவசியம்.

டி1-11 என்ற பெயரில் விற்பது, வெளிப்புறத் தரமுள்ள பிளைவுட்டின் முகத்தில் 4 அல்லது 8 அங்குல இடைவெளியில் நெடுக்காகக் காடி வெட்டி, நட்டுவைத்த பலகைகளின் தோற்றம் தரப்பட்ட 4 அடிக்கு 8 அடித் தாள் ஆகும். தாளின் இரு நெடும் விளிம்புகளிலும் பாதிக் கனத்துக்குக் காடி எடுத்திருப்பதால் ஒரு தாளின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்து, மூட்டில் நேர்வழியாக நீர் புகாமல் தடுக்கிறது. சட்டத்துக்கு வலுவும் இதுவே தருவதால் அடியில் வேறு பலகை தேவையில்லை. தட்டினால் எழும் ஓசையும் மந்தமானது. இதன் குறை காடியில் இருக்கிறது. காடி வெட்டிய இடத்தில் கனம் குறைவதோடு உள்ளடுக்கும் வெளிப்பட்டுவிடுவதால், பூச்சு விட்டுப்போன காடியில் வழியும் நீர் தாளின் அடிவிளிம்பு வரை இறங்கி, அங்கே திறந்திருக்கும் வெட்டுமுகத்தில் தேங்கி, அடுக்கடுக்காகப் பிரித்துவிடுகிறது. பழைய டி1-11 சுவர் எதனைப் பார்த்தாலும் மேலே நன்றாகவும் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பூத்து உரிந்தும் இருப்பது இதனால்தான்.

அண்மைக் காலத்தில் பரண் கட்டுவோர் பெரிதும் நாடுவது, எல்.பி. ஸ்மார்ட்சைடு போன்ற பதப்படுத்திய மரச்சீவல் தாள்களை. சீவல்களில் துத்தநாக போரேட் கலக்கப்படுவதால் பூஞ்சையும் கரையானும் அண்டுவது குறைகிறது. முகத்தில் பிசின் ஊட்டிய தாள் ஒட்டி, தொழிற்சாலையிலேயே பிரைமரும் பூசி வருவதால் பெயின்ட் நன்கு பற்றுகிறது. முக்கால் பங்கு வேலை முடிந்தே வரும் இந்தத் தாளில் எஞ்சிய கால் பங்கு, அதாவது வீட்டில் அறுத்த ஒவ்வொரு விளிம்பையும் அன்றே பிரைமரும் பெயின்ட்டும் கொண்டு மூடுவது, கட்டுபவரின் பொறுப்பு. அதைச் செய்ய மனமுள்ளவருக்கு 4 அடிக்கு 6 அடிப் பரணுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் இல்லை. பரணின் சுற்றளவு 20 அடி என்பதால், 4 அடி அகலத் தாள்கள் 5 போதும்.

விஸ்கான்சினின் நாட்டுப்புறங்களில் ஆமிஷ் சமூகத்தார் நடத்தும் சிறு மர அறுவை ஆலைகளில், இழைக்கப்படாத பைன் பலகை மலிவாகக் கிடைக்கிறது. முழு ஓர் அங்குலக் கனமுள்ள அப்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இடையே விடும் சந்துகளை ரீப்பரால் மூடும் பழைய களஞ்சிய முறை, காட்டோரத்தில் கண்ணுக்கு உறுத்தாத சுவரைத் தருவதோடு, கெட்ட ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்றும் வசதியும் உடையது. ஆலையிலிருந்து வரும்போது பலகை பச்சையாக இருக்கும் என்பதையும், 10 அங்குல அகலப் பலகை காய்ந்து முடிக்கையில் கால் அங்குலத்துக்கு மேல் சுருங்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளாதவரின் சுவரில் பலகைகள் நெடுக்காகப் பிளக்கும். செடார் மரத்தின் வைரப்பகுதி இயல்பாகவே உளுக்காது. விலை மட்டுமே தடை.

தகடு பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. களஞ்சியக் கூரைக்குப் போடும் 29 கேஜ் முகட்டுத் தகடு (கேஜ் எண் கூடக்கூடக் கனம் குறையும்) உளுக்காது, அழுகாது, ஒரே நாளில் அறைந்து முடித்துவிடலாம். ஆனால் ஆலங்கட்டி மழையிலும் காற்றிலும் அது எழுப்பும் ஓசையும், உள்ளே எரியும் புரோபேன் அடுப்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் எழும் நீராவி அதன் குளிர்ந்த உட்பரப்பில் துளித்து வழிவதும் பரணைப் பயனற்றதாக்கிவிடும். திறந்த வயல்வெளியில் காற்றை நேரே வாங்கும் பரணுக்குத் தகடு தேவைப்பட்டால், அடியில் பிளைவுட் அறைந்து, அதன்மேல் தார்த்தாள் விரித்து, பளபளப்பில்லாத மங்கிய வண்ணத் தகட்டையே போட வேண்டும். சட்டத்தின் மேல் வெறும் தகட்டை அறைவது வீண்செலவு. வினைல் உறை குளிரில் நொறுங்கும்; தனக்கென்று வலு இல்லாததால் அதற்கும் அடியில் பலகை வேண்டும்; வெயிலுக்கும் குளிருக்கும் நீண்டு சுருங்குகையில் சடசடக்கும். நாரிழைச் சிமெண்ட் பலகை, கால்களின் மேல் நிற்கும் அறைக்கு அளவுக்கு மீறிய எடை.

பொருத்தும் முறை

தாள் உறைக்கான சட்டத்தை அறுக்கும்போதே மூலைக்கணக்கு போட்டுவிட வேண்டும். அகலச் சுவரின் தாள், நீளச்சுவர்த் தாள்களின் விளிம்பை இருபுறமும் மூட வேண்டுமென்றால், சட்டத்தின் அகலம் 48 அங்குலமாக இருக்க முடியாது. தாள் 3/8 அங்குலக் கனமுள்ளதானால் இருபுறத்துக்கும் சேர்த்து 3/4 அங்குலம் குறைத்து 47 1/4 அங்குலமாகச் சட்டம் அடித்தால், நீளச்சுவர்த் தாள்களை முதலில் அறைந்தபின், முழு அகலத் தாள் இரு மூலைகளிலும் விளிம்புக்கு விளிம்பாகச் சரியாக உட்காரும். இந்தக் குறைப்பை மறந்து 48 அங்குலத்துக்கே சட்டம் அடித்தவர்கள், மூலையில் திறந்து நிற்கும் பலகைக் கனத்தைச் சீலண்டால் நிரப்பப் பார்க்கிறார்கள். இரண்டு குளிர்காலங்களில் அது பிரிந்துவிடும். எப்படி அறைந்தாலும், மூலையின் இருமுகங்களையும் தழுவும்படி இரண்டு மூலைச்சட்டங்களை மேலே அறைவது நல்லது.

நிலைச்சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் நிற்பது சிறந்தது. தயாரிப்பாளர் அந்தத் தாளுக்கு அனுமதித்திருந்தால் மட்டும் 24 அங்குலம் வரை போகலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்து முதல் தாளைச் செங்குத்தாக நிறுத்துவதே முழுச் சுவரையும் தீர்மானிப்பதால், அதற்கு ஆகும் நேரத்தைப் பார்க்கக்கூடாது. தாளின் அடிவிளிம்பு தளத்தின் ஓரச்சட்டத்தை முழுவதும் மூடி, அதற்கும் கீழே அரை அங்குலம் தொங்க வேண்டும். அப்படித் தொங்கினால் சுவரில் வழியும் நீர் விளிம்பிலிருந்து சொட்டிவிடும், தளத்தின் மேல் ஏறாது. தாளை நேரே தளப்பலகையின் மேல் நிறுத்தினால், அடிவிளிம்பும் தளமும் சேரும் கோட்டில் நீர் தேங்கி இரண்டையும் ஒன்றாக அழிக்கும். கால்களின்றித் தரையிலேயே வைக்கும் பரணானால், விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 6 அங்குலம் விடப்பட வேண்டும்.

காடி விளிம்பில்லாத தாள்கள் ஒன்றையொன்று இறுக்கி நெருக்கக்கூடாது. ஈரத்தில் தாள் விரியும் என்பதால், பிளைவுட்டுக்கு 1/8 அங்குலமும் பதப்படுத்திய சீவல் தாளுக்கு 3/16 அங்குலமும் மூட்டில் இடைவெளி விட்டு, அதனைச் சீலண்டாலோ ரீப்பராலோ மூட வேண்டும். சுவர் 8 அடிக்கு மேல் உயர்ந்து கிடைமட்ட மூட்டு வந்தால், அங்கே இசட் வடிவத் தகட்டைச் செருகுவதைத் தவிர வேறு வழியில்லை: தகட்டின் மேல்மடிப்பு மேல்தாளின் பின்னாலும், கீழ்மடிப்பு கீழ்த்தாளின் முன்னாலும் இருக்க, இடையில் வரும் நீர் வெளியே தள்ளப்படும்.

ஆணிகள் விளிம்பு நெடுக 6 அங்குலத்துக்கு ஒன்றும், நடுச்சட்டங்களில் 12 அங்குலத்துக்கு ஒன்றுமாக, விளிம்பிலிருந்து 3/8 அங்குலமாவது தள்ளி இறங்க வேண்டும். ஆணியின் தலை பலகையின் முகத்தோடு சமமாக நிற்பதே சரியான ஆழம். காற்றழுத்த ஆணித்துப்பாக்கியின் வேகத்தில் தலை முகத்தைக் கிழித்து உள்ளே போய்விட்டால், அந்தக் குழி ஒவ்வொன்றும் நீர் தங்கும் கிண்ணமாகிவிடும் என்பதால் அதனை அன்றே சீலண்ட் இட்டு மூட வேண்டும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியோ மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. இதற்குக் காரணம் துரு மட்டுமன்று. 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் கலந்த காப்பு மருந்து ஏற்றுவது கைவிடப்பட்டு, தாமிரம் மிகுந்த மருந்துகள் அதன் இடத்துக்கு வந்தன. கால்களுக்கும் தளத்துக்கும் வாங்கும் பச்சை நிற மரத்தில் உள்ள அந்தத் தாமிரம், சாதாரண ஆணியையும் மெல்லிய மின்முலாம் பூசிய திருகாணியையும் அலுமினியத் தகட்டையும் ஈரத்தில் அரித்துவிடுகிறது. செடார் பலகைக்கு ஸ்டெயின்லெஸ் ஆணியே ஏற்றது. சாதாரண இரும்பு பட்டால் அம்மரத்தின் சாறு கருங்கறையாக வழியும்.

பலகையும் ரீப்பருமாகச் செய்யும் சுவரில் நிலைச்சட்டங்களுக்கு இடையே 24 அங்குலத்துக்கு ஒரு குறுக்குச்சட்டம் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையையும் அதன் நடுக்கோட்டில் மட்டும் அறைந்து, இருபுறமும் சுருங்க இடம் விட வேண்டும். ரீப்பரின் ஆணி பலகை எதிலும் இறங்காமல், இரு பலகைகளுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியே நேராகக் குறுக்குச்சட்டத்தில் இறங்க வேண்டும். ரீப்பர் ஒவ்வொரு பலகையின் மேலும் குறைந்தது அரை அங்குலம் படிந்திருந்தால், பலகை காய்ந்து சுருங்கிய பின்னும் சந்து திறக்காது. தகட்டுக்கோ ரப்பர் வாஷர் கோத்த திருகாணியே போட வேண்டும். வாஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் அது வெடித்துவிடும், தளர்வாக விட்டால் நீர் புகும்.

ஜன்னல் வாய்களை, தாள் முழுவதையும் அறைந்தபின் உள்ளிருந்து நான்கு மூலைகளில் துளையிட்டு, வெளியிலிருந்து கோடு போட்டு அறுப்பது அளவுப்பிழையைத் தவிர்க்கும். அறுத்த விளிம்புகளுக்கு உடனே பிரைமர் பூசி, அடிச்சட்டத்தை வெளிப்பக்கம் சாய்த்து, தலைக்கு மேல் ஒரு மடித்த தகட்டைச் சுவர் உறையின் பின்னால் செருகி முன்னால் வளைத்துவிட வேண்டும். அந்தத் தகட்டின் கீழ்விளிம்பைச் சீலண்டால் அடைப்பது பலரும் செய்யும் பிழை: எப்படியேனும் உள்ளே வந்துவிட்ட நீர் வெளியேற அந்த வழி ஒன்றே உண்டு. வண்டுகளும் குளவிகளும் உள்ளே கூடு கட்டாதிருக்கச் சந்துகளை அடைப்பது நல்லதே ஆயினும், புரோபேன் அடுப்பு வைக்கும் பரணில் சுவரை முற்றிலும் காற்றுப் புகாமல் அடைப்பது உயிருக்கே ஆபத்து. எரியும் வாயு அறையின் ஆக்சிஜனைக் குறைத்து, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்கக்கூடும் என்பதால், எதிர்ச்சுவர்களில் தாழ ஒன்றும் உயர ஒன்றுமாக, நுண்வலை அடித்த, மூட முடியாத காற்றுத்துளைகளை உறையிலேயே வெட்டிவைக்க வேண்டும்.

அம்மாநிலங்களின் வட மாவட்டக் காடுகளில் உறைக்கு இன்னொரு எதிரி முள்ளம்பன்றி. உப்புச்சத்தைத் தேடி அலையும் அவ்விலங்கு, பிளைவுட்டின் பசைக்காகவும் மனிதக் கை பட்ட மரத்தின் உப்புக்காகவும் பலகையை வெட்டுப்பல்லால் சுரண்டித் தின்னும். ஒரே குளிர்காலத்தில் அடிவிளிம்பு முழுவதையும் கொறித்துவிடக்கூடும். அடிவிளிம்பின் மேல் ஓர் ஒடுங்கிய தகட்டுப்பட்டையும், கால்களைச் சுற்றி வழுவழுப்பான தகடும் அறைவது நல்ல தடுப்பு. ஏணியைச் சாய்த்தபடியே விட்டுச்சென்றால் அந்தத் தடுப்பினால் பயனில்லை.

வண்ணமும் வாடையும்

வெளிப்பூச்சு மங்கலாக, பளபளப்பு அறவே இல்லாததாக இருக்க வேண்டும். இலைமறை ஓவியம் போன்ற பலநிறக் கோலங்கள் கட்டியவரின் கண்ணை நிறைவிக்குமே தவிர, மான் அந்த உருவத்தை அவ்விடத்தில் பலநாள் பார்த்துப் பழகியிருப்பதற்கு ஈடாகாது. உட்சுவரைக் கருமையாகப் பூசுவதுதான் உண்மையில் பலன் தருவது: வெளிர்நிறச் சுவரின் முன்னால் வேட்டைக்காரரின் தலை அசைவது ஜன்னல் வழியே தெளிவாகத் தெரிந்துவிடும். பிரைமர், பெயின்ட், சீலண்ட் ஆகியவற்றின் வாடை மறையவும் பூச்சு முழுவதும் இறுகவும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ஆகஸ்ட் மாத முடிவுக்குள் எல்லாப் பூச்சும் முடிந்திருக்க வேண்டும். அக்டோபர்க் குளிரில் பூசும் பெயின்ட் சரியாகப் பற்றவும் செய்யாது.

விஸ்கான்சின் இயற்கை வளத் துறையின் நிலங்களில், துப்பாக்கிப் பருவத்தில் தரையில் வைக்கும் மறைவிடத்தின் வெளிப்புறம் எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி குறைந்தது 144 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சு அல்லது ஒளிர் இளஞ்சிவப்புத் துணி இருக்க வேண்டும் என்பது விதி. சொந்த நிலத்தில் நிற்கும் பரணுக்கு அக்கட்டாயம் இல்லாவிடினும், ஆரஞ்சு நிறத்தைப் பிரித்தறியாத மானிடம் அதனால் இழப்பது ஒன்றுமில்லை, பக்கத்து நிலத்தில் துப்பாக்கியுடன் நிற்பவருக்கோ உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது என்பதால், சுவரில் ஒரு துண்டு ஆரஞ்சுத் துணி அறைந்துவைப்பது எல்லாப் பரணுக்கும் உகந்தது.

வேலை முடிந்தபின் மீந்த பெயின்ட்டையும் ஒரு முழத் தாள்துண்டையும் எறிந்துவிடாமல் எடுத்துவைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூலையில் ஒருமுறை பரணைச் சுற்றிவந்து, அடிவிளிம்பையும் ஜன்னல் அடிச்சட்டத்தையும் விரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமிழும் இடத்தை அப்போதே சுரண்டிக் காயவிட்டுப் பூசிவிட்டால், நல்ல தாள் உறை பல்லாண்டு நிற்கும். அதைத் தள்ளிப்போட்டால், அடுத்த வசந்தத்தில் முழுத் தாளையே கழற்ற வேண்டியிருக்கும்.